காருக்குள் முளைத்த மல்லி

நனைந்த சாக்கும் ரெக்சினும் சேர்ந்து புழுங்கும் வாடை எங்கேயாவது மூக்கில் ஏறினால், எங்கள் பழைய காரின் பின்சீட்டில் நான் மல்லாந்து கிடந்த அந்த ஐப்பசிக் காலை ஞாபகம் வந்துவிடும். எண்பதுகளில் பரளச்சிப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் அப்பாதான், ஊரார் ‘பிளசர்’ என்று சொன்ன அந்தக் காரை வாடகைக்கு ஓட்டினார். கல்யாணம், ஆஸ்பத்திரி, கோயில் என்று ஆட்கள் போவார்கள், ஆள் இல்லாத நாளில் விதை மூட்டை போகும். ‘ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது’ என்று அவர் பெருமை பேசாத இடமில்லை. வானம் பார்த்த பூமியில் அந்தப் பெருமையைச் சோதித்துப் பார்க்க மழைக்கு எங்கே நேரம் இருந்தது?

அந்த வருடம் அதிசயமாக அடுத்தடுத்து மழை. அக்காவுக்கு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் ஆண் குழந்தை பிறந்து, பிழைக்குமோ என்று வீடே பதைத்துக் கிடந்து, ஒருவழியாக வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பிள்ளைமேல் ஈரம் மட்டும் படவே கூடாது என்றார். காரைத் துடைத்து வைக்கப் போன அம்மா, பின்பக்கத்துக் கால்மிதியைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள். மூட்டையிலிருந்து சிந்திக் கிடந்த கொத்தமல்லி விதை, வெளிறிய தண்டோடு முளைத்திருந்தது.

‘காட்டுல போட்ட மல்லி இன்னும் தலை காட்டல. காருக்குள்ள முளைச்சிருக்கு’ என்றாள்.

அப்பாவின் முகம் செத்துவிட்டது. எப்போதும் வாடகைக்கு வரும் மிளகாய் வியாபாரி அண்ணாச்சியிடம் போய், கார் ஒழுகியதா என்று கேட்டார். ‘ஒழுகத்தான செஞ்சது. பெய்யிற மழையப் போயிக் குறை சொல்லலாமாய்யா? அதான் துண்டத் தலையில போட்டுக்கிட்டுப் பேசாம உக்காந்து வந்தேன்’ என்றாராம் அவர். மழையைப் பழித்தால் கோபித்துக்கொண்டு போய்விடும் என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. அந்தப் பயத்தில் இன்னும் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு நனைந்து வந்தார்களோ.

ஓட்டை எங்கே என்று பார்க்க, அடிகுழாயில் முந்தின நாளெல்லாம் அடித்துச் சேர்த்திருந்த தண்ணீரை அம்மா காரின் மேல் ஊற்றத் தொடங்கினாள். தெருவில் போனவர்கள், இவர்களுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்பதுபோல் பார்த்தார்கள். நான் உள்ளே மல்லாந்து கிடந்தேன். கண்ணாடி ரப்பரில் ஊற்றச் சொல்லிவிட்டு அப்பா ‘வருதா?’ என்பார், ‘வரல’ என்பேன். கதவோரத்திலும் வரவில்லை. கடைசிக் குடத்தைக் கூரையில் மூட்டை ஏற்ற மாட்டியிருந்த கேரியரின் காலடியில் ஊற்றியபோதுதான், உட்கூரைத் துணியில் ஈரம் படர்ந்து, ஓரமாக ஊர்ந்து வந்து, என் நெற்றியில் சொட்டியது. ‘வருதுப்பா’ என்று கத்தினேன். மூட்டைக் கனத்தில் ஆடி ஆடி, கேரியர் போல்ட் ஒன்றின் துளை அகன்று போயிருந்தது. அப்பா பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி, போல்ட்டுக்கு அடியில் கொடுத்து முடுக்கி, சுற்றிலும் தாரை உருக்கிப் பூசினார். மறுபடி ஊற்றிப் பார்க்கத் தண்ணீர் இல்லை.

மறுநாள் அக்காவையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு டவுனைத் தாண்டியதுமே மழை பிடித்துக்கொண்டது. எதிரே ரோடு தெரியவில்லை. பிள்ளையை மடியில் வைத்திருந்த அம்மாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் நான் உட்கார்ந்து, அவன் தலைக்கு மேலே உள்ளங்கையை விரித்துப் பிடித்திருந்தேன். அப்பா திரும்பாமலே ‘வருதா?’ என்பார். ‘வரல’ என்பேன். வழி நெடுக இதே பேச்சுதான். வாசலில் கார் நின்றதும் அம்மா பிள்ளையின் உச்சியைத் தொட்டுப் பார்த்து, ‘காஞ்சுதான் இருக்கு’ என்றாள். அப்பா ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு, வெகுநேரம் இறங்காமல் இருந்தார். எனக்குக் கை மரத்துப் போயிருந்தது. ஆனால் அப்படியொரு நிம்மதியை அதற்குமுன் நான் அறிந்ததில்லை.

அந்தக் கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அப்பாவும் இல்லை. அன்று ஈரம் படாமல் வந்தவன் இப்போது சென்னையில் சொந்தக் கார் வைத்திருக்கிறான்; கண்ணாடியை ஏற்றிவிட்டால் அதற்குள் மழைச் சத்தம்கூட நுழையாது. ஐப்பசி பிறந்தால் போன் போட்டு, ‘சித்தி, ஊர்ல மழை வருதா?’ என்று கேட்பான். பல வருடங்களில் ‘வரலப்பா’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லும்போதே மனசு கனத்துவிடுகிறது. அதே சொல்லை ஊர் வந்து சேரும்வரை நாங்கள் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தது அந்த ஒரு நாள்தான்.