நடுவில் உடையாத கோடு

ஆயுத பூஜை அன்றைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள், சாமந்தி மாலை போட்டார்கள், பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். டெலிபோனுக்கு ஒரு பொட்டுகூட வைக்கவில்லை. ஜெபசீலி சர்ச்சுக்குப் போகிறவள். சந்தனமும் குங்குமமும் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவளுக்கு வயிறு எரிந்தது பாருங்கள், அந்தச் சூட்டில் ஒரு பட்டறையே ஓட்டியிருக்கலாம். நாலு வருஷமாக அந்த டெலிபோனில்தானே ஐயா சங்கமே ஓடியது!

சங்கம் என்றால், ஓசூர் தொழிற்பேட்டையில் பன்னிரண்டு சின்னப் பட்டறைகள் சேர்ந்து வைத்தது. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் அவர்களுக்கு அரசாங்கக் கரண்ட் கிடையாது. அந்த இரண்டு நாளைச் சமாளிக்கப் பெரிய டீசல் ஜெனரேட்டர் இரண்டு வாங்கிப் போட்டார்கள். மணிக்கு ஆயிரம் யூனிட் வரும். பன்னிரண்டு பேருக்கும் அது எந்த மூலைக்கு? சட்டைக் காலரைப் பிடிக்கும் அளவுக்குச் சண்டை வந்து, கடைசியில் ஒரு வழி பண்ணினார்கள். முந்தின நாள் மூன்றரை மணிக்குள் ஒவ்வொருவரும் போன் பண்ணி, எந்தெந்த மணிக்கு எத்தனை யூனிட் வேண்டும், என்ன விலைக்கு எடுப்போம் என்று சொல்லிவிட வேண்டும். அதிக விலை சொன்னவருக்கு முதலில். மிச்சம் இருந்தால் அடுத்தவருக்கு. கரண்டை ஏலம் விட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த ஏலத்தை நடத்தியவள் கெலமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்த ஜெபசீலி. வயது முப்பத்தாறு, வீட்டுக்காரர் மைக்கேல்ராஜ் ஒரு கம்பெனி பஸ்ஸுக்கு டிரைவர். பத்தாவதோடு படிப்பு சரி. ஆனால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் அவள் வாயில் தண்ணீராக ஓடும். மேஜை நிறையும் ஒரு பெரிய தாளில் மேலே மணிகளையும் ஓரத்தில் பட்டறைப் பேர்களையும் எழுதிக்கொண்டு, யாருக்கு எந்த மணி என்று சிவப்புப் பென்சிலால் கோடு இழுப்பாள். ஐந்து மணிக்கு அந்தத் தாள் கேட் பக்கத்துப் பலகையில் ஏறும். ஒவ்வொரு பட்டறை வாட்ச்மேனும் வந்து தன் கோடு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு போவான்.

விலை மட்டும் பார்த்தா அவள் கோடு போட்டாள்? சிங்கராயருடையது இரும்பு உருக்குகிற பட்டறை. அவருடைய உலை கரண்டில் எரிவது. ஒரு தரம் மூட்டினால் இரும்பை உருக்கி ஊற்றி முடிக்கும் வரை கரண்ட் நிற்கக் கூடாது. நடுவில் ஒரு மணி நேரம் நின்றால் உருகின இரும்பு உள்ளேயே கட்டியாகி உறைந்துபோகும். உலையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், இரண்டு மாசம் பட்டறைக்குப் பூட்டு. அதனால் நடுவில் எவனாவது பத்துப் பைசா கூடச் சொல்லி ஒரு மணியைத் தட்டிப் பறித்தால், ஜெபசீலி ரிசீவரை எடுத்துவிடுவாள். பிளாஸ்டிக் பட்டறை சென்னகிருஷ்ணனிடம் தெலுங்கில் குழைவாள். கன்னடக்காரர் என்றால் “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்”, கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்பாள். அவர்களும் முனகிக்கொண்டே வேறு மணிக்குத் தள்ளிப் போவார்கள். நாலு வருஷத்தில் சிங்கராயரின் கோடு நடுவில் ஒரு தடவைகூட உடைந்ததில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை, அவள் எங்கும் எழுதி வைக்கவுமில்லை.

இப்படி இருக்கையில்தான் பெங்களூரிலிருந்து கம்ப்யூட்டர் வந்தது. கூடவே விலையைப் பார்த்து மணி மணியாகப் பிரித்துக் கொடுக்க ஒரு புரோகிராமும் வந்தது. அதை ஓட்டக் கிருஷ்ணகிரியிலிருந்து தில்ஷாத் என்று ஒரு பெண் வந்தாள். இருபத்து நாலு வயது, கம்ப்யூட்டர் சர்டிபிகேட், மெல்லிய குரல். அவளுக்கென்று கண்ணாடித் தடுப்பு போட்டு ஏசி வைத்தார்கள். உள்ளே போகிற எவனும் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். சங்கத்துச் செயலாளர் திம்மப்பன்கூடக் காலுறையோடு பூனை மாதிரி நடந்து போவார். வெளியே ஜெபசீலி, கிறீச் கிறீச்சென்று சுற்றுகிற பழைய ஃபேனுக்கு அடியில், போனில் வருகிற விலைகளைச் சீட்டில் எழுதிக் கண்ணாடி ஓட்டை வழியாக உள்ளே நீட்ட வேண்டும். சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவள் மாதிரி!

“கம்ப்யூட்டர் என்னம்மா சொல்லுது?” என்று போனில் கேட்பார்கள். கேட்கிற ஒவ்வொருவனையும் அவள் மனசுக்குள் கரித்துக் கொட்டினாள். தில்ஷாத் புதுப் புடவை கட்டினால் கண்ணை உறுத்தியது. சிரித்தால் உறுத்தியது. மத்தியானம் டப்பாவைத் திறந்து, “அக்கா, கொஞ்சம் எடுத்துக்கோங்க” என்று பிரியாணியை நீட்டினால் அது இன்னும் உறுத்தியது. எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, உப்புக் கம்மி என்று சொல்லிவிட்டு வருவாள். உப்பு சரியாகத்தான் இருந்தது.

வீட்டிலும் இதே பேச்சு. மைக்கேல்ராஜுக்கு அலுத்துப்போய்விட்டது.

“ஏன்டி, அந்தப் பொண்ணு உன்னை என்னதான் பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணலை. அதான் எரியுது. ஏதாவது பண்ணியிருந்தா திட்டியாவது தீத்துக்குவேன்.”

மார்கழி மாசம் திம்மப்பன் இரண்டு பேரையும் கூப்பிட்டார். பொங்கலுக்கு அப்புறம் அந்த மேஜைக்கு ஒரு ஆள்தான், இரண்டு சம்பளத்துக்குச் சங்கத்தில் வழியில்லை என்று கமிட்டியில் முடிவாகிவிட்டது என்றார். “யாருன்னு இன்னும் முடிவு பண்ணலைம்மா. தினப்படி வேலை எப்படி நடக்குதுன்னு பாத்துட்டு நானே சொல்றேன்” என்றார். அந்த மேஜையை விட்டால் ஜெபசீலிக்கு வேறு என்ன இருக்கிறது? கெலமங்கலம் சந்தையில் அவளுக்கு யாராவது எழுந்து நிற்பார்களா? இங்கே பன்னிரண்டு முதலாளிகள் அவள் குரலுக்குக் காத்திருந்தார்கள் ஐயா!

அதற்கப்புறம் ஒரு புதன்கிழமை. மறுநாள் கரண்ட் இல்லாத நாள். நாலரை மணிக்கு மெஷின் கரகரவென்று தாளைத் துப்பியது. சரிபார்க்க அவளிடம் ஒரு பிரதி வரும். கண் தானாகச் சிங்கராயர் பேருக்குப் போனது. எட்டிலிருந்து பதினொன்று. அப்புறம் ஒரு மணி காலி. பன்னிரண்டிலிருந்து மூன்று. சென்னகிருஷ்ணன் பதினொரு மணிக்கு மட்டும் பத்துப் பைசா கூடச் சொல்லியிருந்தான். மெஷின் வந்த பிறகு இப்படி நடப்பது இதுதான் முதல் தடவை. மெஷினுக்கு அதற்கு மேல் என்ன தெரியும்? கோடு நடுவில் உடைந்து கிடந்தது.

ரிசீவர் மேல் அவள் கை போனது. போன கை அங்கேயே நின்றது.

“அக்கா, எல்லாம் சரியா இருக்கா? எதுவும் விட்டுப்போகலையே?” என்று தில்ஷாத் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

“எனக்கென்னம்மா தெரியும். உன் கம்ப்யூட்டருக்குத் தெரியாததா?” என்றாள் ஜெபசீலி.

தாள் பலகையில் ஏறியதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கேட்டில் சிங்கராயரின் வாட்ச்மேன் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். நாலு வருஷப் பழக்கம். நடுவில் இருந்த இடைவெளியை அவன் பார்க்கவே இல்லை. இரண்டு முனையை மட்டும் பார்த்து, எட்டு முதல் மூன்று என்று எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அவன் எழுதியதை அவள் பார்த்தாள். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. “ஒரே ஒரு நாள் உறையட்டும். அப்புறம் தெரியும் யாரோட மதிப்பு என்னன்னு” என்று மனசு சொன்னது. அவள் பஸ் ஏறிவிட்டாள்.

ஏறினாளே தவிர, நிம்மதி இருந்ததா? அன்றைக்கு வைத்த குழம்பை மைக்கேல்ராஜ் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு இலையிலேயே ஒதுக்கிவிட்டான். காலையில் ஜெபம் பண்ண உட்கார்ந்தாள். கண்ணை மூடினால் சிங்கராயரின் உலைதான் வந்தது. சீ, என்ன பொம்பளை நான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினாளே ஒழிய, எட்டரைக்கு ஆபீசுக்கு வந்தவள் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு ஜெனரேட்டரும் உறுமிக்கொண்டிருந்தன. கடிகாரம் பத்தரையைத் தாண்டியது. பத்தே முக்கால். பத்து ஐம்பதுக்கு அவளால் தாங்க முடியவில்லை. எகிறி எழுந்து ரிசீவரை எடுத்து ஜெனரேட்டர் அறைக்குச் சுழற்றினாள்.

“பதினொரு மணிக்குச் சிங்கராயர் லைனை அணைச்சுடாதீங்க!”

“யாரு அணைக்கப் போறாங்க?” என்றான் அங்கிருந்த ஆப்பரேட்டர் லால் பாஷா. “அதான் நேத்து சாயங்காலமே வேற தாள் வந்துச்சே, நீங்க மாத்தச் சொன்னதா. எட்டுல இருந்து மூணு வரைக்கும் ஒரே கோடு.”

ரிசீவரை வைத்துவிட்டு அவள் மலைத்து நின்றாள். நான் மாற்றச் சொன்னேனா?

மூன்றரைக்கு மேல் சிங்கராயரே நேரில் வந்தார், உடம்பெல்லாம் கரித்தூள், கையில் மைசூர்பாகு டப்பா. ஏசி அறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஜெபசீலி மேஜைக்கு வந்தார்.

“ஜெபசீலிம்மா, நீ மட்டும் நேத்து பாக்கலைன்னா என் கதை முடிஞ்சிருக்கும். முப்பது பேரு சோறு இதுல இருக்கும்மா. கர்த்தர்தான் உன்னை அங்க உக்கார வெச்சிருக்காரு!”

அவர் போனதும் அவள் விறுவிறுவென்று கண்ணாடி அறைக்குள் நுழைந்தாள். செருப்பைக் கழற்றவில்லை.

“என்ன நடக்குது இங்க?”

தில்ஷாத் எழுந்து நின்றாள். “நேத்து நீங்க பதில் சொன்ன விதம் எனக்குச் சரியாப் படலைக்கா. நீங்க போனதும் உங்க பழைய தாள் எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன். அவர் கோடு ஒரு நாள்கூட நடுவுல உடையலை. காரணம் இல்லாம இருக்காதுன்னு அவருக்கே போன் போட்டேன். சொன்னாரு. அப்புறம் சென்னகிருஷ்ணன் சாரை மூணு மணிக்குத் தள்ளினேன்.”

“நான் பாத்தும் சொல்லாம போனேன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்க்கா.”

“பின்ன எதுக்குடி என் பேரைச் சொன்ன?”

“என் பேரைச் சொன்னா சென்னகிருஷ்ணன் சார் கேப்பாரா? நேத்து வந்த பொண்ணு எனக்கு மணி சொல்றதான்னு போனை வெச்சுட்டாரு. மறுபடியும் போட்டு, ஜெபசீலி அக்கா கேக்கச் சொன்னாங்கன்னேன். சரிம்மான்னுட்டாரு. சிங்கராயர் சார்கிட்டயும் லால் பாஷாகிட்டயும் அதையே சொல்லிட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “எனக்கு உங்க மேல கோவம்தான்க்கா. ஆனா அதுக்காக உலை உடையணுமா?” என்றாள்.

ஜெபசீலிக்கு அப்போது அழுகை வரவில்லை. மறைப்பானேன், எரிச்சல்தான் வந்தது. அழகாக இருக்கிறாள், படித்திருக்கிறாள், ஏசியில் உட்கார்ந்திருக்கிறாள்; போகட்டும். நல்லவளாகவும் இருக்க வேண்டுமா? அதையாவது எனக்கு விட்டுவைக்கக் கூடாதா?

நாலு மணிக்குத் திம்மப்பன் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மைசூர்பாகு அவர் மேஜைக்கும் வந்திருந்தது. முகமெல்லாம் பல்.

“கமிட்டிக்குச் சொல்லிட்டேன்மா. மெஷின் இருந்தாலும் மனுஷ மூளை வேணும். நேத்து ஜெபசீலி அதைக் காட்டிட்டா. மேஜை ஜெபசீலிக்குத்தான். கம்ப்யூட்டர்ல தட்டுறது பதினஞ்சு நாள்ல அவளே கத்துக்குவா. தில்ஷாத், பொங்கல் வரைக்கும் இரும்மா.”

தில்ஷாத் தலையைக் குனிந்துகொண்டாள். எதிர்த்துப் பேசியிருந்தால்கூட ஜெபசீலி பொறுத்திருப்பாள். அந்தக் குனிந்த தலைதான் அவளைக் குத்திக் கிளறியது. தினமும் இந்த நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் இது அவள் போட்ட பிச்சை என்று தோன்றாதா? செத்தாலும் வேண்டாம்!

“நான் காட்டலை சார்” என்றாள்.

“என்னம்மா?”

“கோடு உடைஞ்சிருந்ததை நான் பாத்தேன். பாத்துட்டு வேணும்னே வாயை மூடிக்கிட்டுப் போனேன். இவ அவமானப்படட்டும்னுதான் போனேன். கண்டுபிடிச்சது, போன் போட்டது, மாத்தினது எல்லாம் இவ. இவ கொடுத்த பேரு எனக்கு வேண்டாம். நீங்களே இவளுக்குக் குடுத்துடுங்க.”

திம்மப்பன் வாயில் போட்ட மைசூர்பாகை மெல்ல மறந்துவிட்டார். அப்புறம் மென்று விழுங்கி, நெற்றியைத் தடவிக்கொண்டார். பார்த்துவிட்டும் சொல்லாமல் போனவளை அந்த மேஜையில் எப்படி வைப்பது என்று அவர் கேட்டதில் தப்பில்லை. ஒரேயடியாக அனுப்பவும் அவருக்கு மனசு வரவில்லை. பொங்கல் முடிந்ததும் மேஜை தில்ஷாதுக்குப் போனது. ஜெபசீலி பின்னால் ஜெனரேட்டர் அறைக்குப் போனாள். மணிக்கொரு தரம் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை, பாதிச் சம்பளம், டீசல் நாற்றம், காது கிழிகிற சத்தம். முதல் நாள் தட்டிக்குப் பின்னால் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஏசி ஞாபகமே வரவில்லை. அந்த டெலிபோனை நினைத்துத்தான் அழுதாள்.

நாலாம் நாள் மூன்றே கால் மணிக்கு அங்கிருந்த இன்டர்காம் அடித்தது.

“அக்கா, தில்ஷாத்.”

“ம்.”

“சிங்கராயர் சார் நாளைக்கு ஏழு மணி நேரம் கேக்கறாரு. உலைக்கு உள்பூச்சு புதுசாப் போட்டிருக்காராம். ஏழு போதுமா?”

ஜெபசீலி பதில் சொல்லாமலும் இருக்கலாம், இப்போது அது அவள் வேலை இல்லை. பின்னால் ஜெனரேட்டர் உறுமியது. தில்ஷாத் போனை வைக்காமல் காத்திருந்தாள்.

“புதுப் பூச்சுன்னா மெதுவாத்தான் சூடேத்தணும்” என்று கத்தினாள் ஜெபசீலி. “அந்த மனுஷன் அவசரத்துல ஏழுன்னு சொல்லுவாரு. ஒன்பது போடு. நடுவுல உடைக்காத. சென்னகிருஷ்ணனைச் சாயங்காலத்துக்குத் தள்ளு.”

“அவர் ஒத்துக்கணுமேக்கா. யாரு சொன்னதுன்னு கேப்பாரு.”

“என் பேரைச் சொல்லு” என்றாள் ஜெபசீலி. “இந்த வாட்டி நான்தான் சொன்னேன்.”