கழுத்தில் தொங்கிய அட்டை

செங்கல்பட்டில் நான் ஒன்பதாவது படித்த ஆண்கள் மெட்ரிக் பள்ளியில் தமிழ் பேசி மாட்டிக்கொண்டவன் கழுத்தில் ஒரு மர அட்டை தொங்கும். தமிழ் பேசும் இன்னொருவனைப் பிடித்தால் அவனுக்கு மாட்டிவிடலாம். கடைசி மணி அடிக்கும்போது அட்டை யாரிடம் இருக்கிறதோ, அவன் மைதானத்தில் முட்டி போட வேண்டும்.

ஒருநாள் அது என்னிடம் இருந்தது. மணி அடிக்கப்போகிற நேரம். சதுரங்கப்பட்டினத்திலிருந்து புதிதாகச் சேர்ந்திருந்த பாஸ்கரின் காலை ஷூவால் ஓங்கி மிதித்தேன்.

"அம்மா!" என்று அலறினான்.

அதுவும் தமிழ்தானே! அட்டையை அவன் கழுத்தில் மாட்டினேன்.

மறுநாளும் அட்டையோடு வந்த அவன் யாரையும் பிடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. விரல் வீங்கி, ஷூ போட முடியாமல் செருப்போடு வந்திருந்தான்.

"யாருக்காவது மாத்தி வுடேன்டா" என்றேன்.

"இன்னாத்துக்கு மச்சான்? இது கழுத்துல கீற வரைக்கும் என்னை எவன் புடிப்பான்? நாள் பூரா இஷ்டத்துக்குப் பேசலாம்."

அன்று மாலை அவன் பக்கத்தில் போய் நானும் முட்டி போட்டேன். பி.டி. மாஸ்டர் ஓடிவந்தார்.

"யூ! ஒய் ஆர் யூ நீலிங்? வாட் டிட் யூ சே?"

"அம்மா" என்றேன், மைதானமே திரும்பிப் பார்க்கும்படி.

பாஸ்கரிடம் நான் கேட்ட மன்னிப்பு அந்த ஒரு சொல்தான். பள்ளியிடம் இன்றுவரை கேட்கவில்லை.