நான்கு இடைவெளியும் சிவப்பு அலரியும்

கணினி நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வரிக்குள் அடங்கும் வரிகளைச் சற்று உள்ளே தள்ளி எழுதுவோம். எது எதற்குள் அடங்குகிறது என்பதை அந்தத் தள்ளலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். எவ்வளவு தள்ளுவது என்பதில்தான் சண்டை. நான் நான்கு இடைவெளிக் கட்சி. எதிர் மேசையில் இருக்கும் குருநகர்த் தம்பி இரண்டு இடைவெளிக் கட்சி. கேட்பவர்களுக்கு இது வேலையற்றவர்களின் சண்டையாகத் தோன்றும். தோன்றட்டும்.

எங்கள் அலுவலகம் சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு வெங்காயக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. யன்னலைத் திறந்தால் கண் எரியும், மூடினால் வியர்த்துக் கொட்டும். தோட்டக்காரர்கள் அன்றன்றைய சந்தை விலையைக் கைத்தொலைபேசியில் பார்ப்பதற்கான செயலி எங்களுடையது. நிரல் எழுதுவது நானும் தம்பியும். எங்களுக்கு மேலே ஒரு பொறுப்பாளர், நெற்றி நிறையத் திருநீறும் வாய் நிறையச் சிரிப்புமாக. அவரை இருவரும் அண்ணை என்போம்.

என் கட்சிக்குக் காரணம் கொள்கை அல்ல, கண். நீரிழிவு வந்து பார்வையை மங்கச் செய்துவிட்டது. எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாலும், இரண்டு இடைவெளித் தள்ளல் எனக்குத் தள்ளலாகவே தெரியாது. எல்லா வரியும் ஒரே சுவரில் சாய்ந்து நிற்பதுபோல இருக்கும். அண்ணைக்கும் இது தெரியும். ஒரு நாள் மிகுந்த அன்போடு சொன்னார்:

"தங்கச்சி, கண்ணைக் கஷ்டப்படுத்தாதையும். ரெலிபோன் மேசைக்கு மாறுமன். கதைக்கிறதுதானே வேலை."

சொல்லிவிட்டு மூலையில் கிடந்த வெறுங்கதிரையைக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதைப்பதில் நான் ஒன்றும் குறைந்தவள் இல்லை. ஆனால் நிரல் எழுதுவதைப்போல எனக்குச் சந்தோஷம் தருகிற வேலை வேறு கிடையாது. அதை விட்டுவிட்டு அந்தக் கதிரையில் போய்க் குந்த நான் தயாராக இல்லை.

தம்பிக்கும் அவருடைய நியாயம் இருந்தது. அவருடையது சின்ன மடிக்கணினி. நான்கு இடைவெளி விட்டால் வரிகள் திரையின் ஓரத்தைத் தாண்டி ஓடிவிடும். இருவருடைய கணினியிலும் வரிகளைத் தானாக ஒழுங்குபடுத்தும் கருவி இருந்தது. கோப்பைச் சேமித்த அடுத்த கணமே முழுவதையும் கணினிக்கு உரியவரின் விருப்பப்படி மாற்றி வைத்துவிடும். நான் தொட்டால் நான்கு. அவர் தொட்டால் இரண்டு. திரும்பவும் நான் தொட்டால் நான்கு.

இப்படியே போய்க்கொண்டிருக்கையில் ஒரு காலை, செயலியில் பீட்றூட்டுக்கு நேரே சின்ன வெங்காயத்தின் விலை வந்துவிட்டது. கீழ்க்கடை முதலாளி படியேறி வந்தார்.

"பீட்றூட் இவ்வளவு விலை போகுதெண்டால் நான் ஏன், பிள்ளையள், வெங்காயம் விக்கிறன்?"

எந்த வரியை யார் மாற்றியதால் இது வந்தது என்று அண்ணை தேடினார். தேடி என்ன? எங்கள் கருவிகளின் புண்ணியத்தில் எல்லா வரியுமே மாறியதாக மாற்றப் பதிவு காட்டியது. மத்தியானச் சோறு ஆறிப்போன பிறகுதான் பிழை அகப்பட்டது. அண்ணையின் சிரிப்பும் அதற்குள் ஆறிப்போயிருந்தது.

"இனி ஒரு கதையும் வேண்டாம். பூக்கட்டிப் பாப்பம்" என்றார்.

கலியாணப் பொருத்தத்துக்கும் காணி வாங்குவதற்கும் சுவாமிக்கு முன்னால் பூக்கட்டிப் பார்ப்போம். நிரலின் இடைவெளிக்குப் பூக்கட்டியவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும். வெள்ளை அலரி வந்தால் நான்கு இடைவெளி, சிவப்பு அலரி வந்தால் இரண்டு. இரண்டையும் வாழையிலைத் துண்டுகளில் பொதிந்து, பிள்ளையார் படத்துக்கும் தம்பி கொண்டுவந்து வைத்த மாதா படத்துக்கும் நடுவே போட்டோம். அண்ணை கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தால் சிவப்பு.

இருவருடைய கருவியையும் இரண்டுக்கு மாற்றினார்கள். எனக்குப் பொல்லாத காலம் தொடங்கியது. மூக்கு திரையில் முட்டுமளவு குனிந்து பார்த்தும், ஒரு வரி எதற்குள் நிற்கிறதென்று பிடிபடவில்லை. உள்ளே வைக்கவேண்டியதை வெளியே வைத்தேன், வெளியே வைக்கவேண்டியதை உள்ளே வைத்தேன். ஒவ்வொரு பிழைக்கும் அண்ணையின் கண் அந்த மூலைக் கதிரைக்குப் போய் வந்தது.

"அண்ணை, என்னாலை இது ஏலாது. திரும்ப நாலு வைப்பம்" என்று கேட்டேவிட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

"சுவாமி சொன்னதை நான் எப்பிடி மாத்துறது, தங்கச்சி?" அவருக்கும் கவலைதான். ஆனால் தீர்ப்பு தீர்ப்புதானே.

தம்பி மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்தார். நேரே படங்களுக்கு முன்னால் போய் நின்றார்.

"அண்ணை, பூ ரெண்டு எண்டு சொன்னது எங்கடை சண்டைக்கு. என்ரை கண்ணுக்கு ரெண்டு, சரி. அக்காவின்ரை கண்ணுக்கு எத்தினை எண்டு நாங்கள் பூவிட்டைக் கேக்கவே இல்லையே?"

தம்பி விடவில்லை.

"இடைவெளியை விட்டிட்டு, விசைப்பலகையின்ரை இடது ஓரத்திலை இருக்கிற டாப் விசையாலை தள்ளுவம். கோப்புக்குள்ளை ஒரு அடையாளம்தான் இருக்கும். அதை எவ்வளவு அகலமாக் காட்டுறது எண்டது அவரவர் திரையின்ரை விருப்பம். நான் ரெண்டா வைக்கிறன். அக்கா எட்டா வைக்கட்டும். கோப்பும் மாறாது, பூவும் பொய்க்காது."

இது எனக்கும் தெரிந்த விஷயம்தான். சண்டை மும்முரத்தில் இருந்தவளுக்கு எங்கே ஞாபகம் வரப்போகிறது! எதிர்க்கட்சிக்காரர் எனக்காக வழக்காடுவார் என்றும் நான் நினைத்திருக்கவில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது.

அண்ணை பிள்ளையாரைப் பார்த்தார், மாதாவைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "உவன் அப்புக்காத்து மாதிரியெல்லே வழக்குப் பேசுறான். செய்யுங்கோ, செய்யுங்கோ."

கருவியை டாப்புக்கு மாற்றி, என் திரையில் எட்டு என்று வைத்துச் சேமித்தேன். ஒரு வரி வாசலில் நின்றது, அடுத்தது விறாந்தைக்குப் போனது, அதற்கடுத்தது அறைக்குள்ளேயே போய்விட்டது. முதுகை நிமிர்த்திக்கொண்டு கடைசி வரிவரை வாசித்தேன்.

"அந்த ரெலிபோன் மேசைக்கு…" என்று அண்ணை மெல்லத் தொடங்கினார்.

"வேறை ஆளைப் பாருங்கோ" என்றேன்.

இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அந்த மூலைக் கதிரையை இழுத்து என் மேசைக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். என் சாப்பாட்டுப் பை வைக்க வசதியாக இருக்கிறது.