ஞானம்மா அக்கா சொன்னதும் நான் சொன்னதும்

போன செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு பேருக்கு முன்னால் எழுந்து நின்று, "நான் பொய் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பன்னிரண்டு பேரும் தாதியியல் மாணவிகள். வயது இருபது, இருபத்தொன்று. எனக்கு அறுபத்தெட்டு.

பாவசங்கீர்த்தனம் என்றால் கோயிலில் மரக்கூட்டுக்குள், குரலைத் தாழ்த்தி, ஒரு சுவாமியாரிடம் மட்டும் சொல்லிவிட்டு வரலாம். இது டியூப் லைட் வெளிச்சத்தில், ஆங்கிலத்தில், கேள்வி நேரத்தோடு.

மொன்ட்ரியாலில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் ஒரு சிறிய கல்லூரி இருக்கிறது. தத்துவம், வரலாறு, இலக்கியம் படிப்பிக்கிற இடம். தாதியியலிலும் பட்டம் தருகிறார்கள். இந்த ஊரில் உயர்பள்ளி முடித்து, சேஜெப் என்கிற இடைநிலைக் கல்லூரியில் மூன்று வருடம் படித்தாலே தாதியாகிவிடலாம். இந்தப் பிள்ளைகளோ நாடித்துடிப்புக்கும் ஊசிக்கும் நடுவில் கிரேக்க நாடகமும், நன்மை தீமை பற்றிய பாடமும் படிக்கிறார்கள். நோயாளிக்கு மூச்சுத் திணறினால் எந்தத் தத்துவஞானியைக் கூப்பிடுவார்கள் என்று பூசை முடிந்து நின்ற நண்பர்களிடம் பகிடி விட்டேன். நன்றாகச் சிரித்தார்கள்.

மூன்றாம் வருடத்தில் இவர்களுக்கு ஒரு பயிற்சி. ஒவ்வொருவரும் ஒரு முதியவரைப் பொறுப்பெடுத்து, அவருடைய மருந்து, சாப்பாடு, வீட்டு நிலைமை எல்லாம் கேட்டு எழுதவேண்டும். இந்த ஒக்டோபரில் எங்கள் பங்குக் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்துக்கு வந்தார்கள். எங்கள் முதியவர்கள் பலருக்கு ஆங்கிலமும் வராது, பிரெஞ்சும் வராது. மொழிபெயர்க்க ஆள் வேண்டும். என்னை விட்டால் வேறு யார்?

அகதி விசாரணைகளில் பதினெட்டு வருடம் மொழிபெயர்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒருமுறை ஒருவர் கோபத்தில், விசாரணை அதிகாரியின் பிறப்பைப் பற்றிச் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் ஒரு கருத்துச் சொன்னார். கண் இமைக்காமல் அதையும் ஆங்கிலத்தில் கொடுத்தேன். முறை என்றால் முறை.

மாணவிகளுக்கும் முதல் நாளே வகுப்பெடுத்தேன். "அவர்கள் சொன்னதைச் சொல்வேன். கூட்டமாட்டேன். குறைக்கமாட்டேன்." கொப்பிகளில் எழுதிக்கொண்டார்கள்.

கத்ரின் என்று ஒரு மாணவி. ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யிலிருந்து மெட்ரோ ரயிலில் வருகிற பிள்ளை. அவளுக்குக் கிடைத்தவர் ஞானம்மா அக்கா — பெயரை மாற்றியிருக்கிறேன். மன்னார்க்காரர், எழுபத்து மூன்று வயது, சீனி வருத்தம். மொன்ட்ரியால்-நோரில் மகனோடு இருக்கிறார். மகன் எங்கள் கோயில் சபையில் முக்கியமானவர், எனக்கு வேண்டியவர்.

"காலையில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கத்ரின் கேட்டாள். கேட்டதைத் தமிழில் ஒழுங்காகச் சொன்னேன்.

அக்கா மடியில் கையைக் கோத்துக்கொண்டு சொன்னார்:

"காலமை ஆறு மணிக்கு மகன் ஊசி போட்டுவிட்டிட்டு வேலைக்குப் போயிடுவார். பேந்து மருமகளும் போயிடுவா. போக முதல் குசினியைத் துடைச்சுப் பளிங்கு மாதிரி வைச்சிட்டுத்தான் போவா. நான் ஒரு தேத்தண்ணி போட்டாலும் கறை பட்டிடும், தம்பி. பின்னேரம் ஒரு சொல் வரும். அந்தச் சொல்லைக் கேக்கிறதிலும் பாக்க, பேரப்பிள்ளையள் பள்ளிக்கூடத்தாலை வருமட்டும் ஒண்டும் சாப்பிடாமல் இருக்கிறது நல்லம்."

நான் ஆங்கிலத்தில் சொன்னது: "மகன் தினமும் காலையில் ஊசி போட்டுவிடுகிறார். வீட்டுச் சாப்பாடு. குடும்பம் நன்றாகப் பார்த்துக்கொள்கிறது."

கத்ரின் பேனையை நிறுத்தினாள். "அவர் நிறைய நேரம் கதைத்தாரே?"

"எங்கள் மொழி கொஞ்சம் நீளமானது" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு எழுதினாள். சாப்பாடு — ஒழுங்கு. குடும்ப ஆதரவு — நன்று.

இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கி ஆள் மயங்கி விழும். இது தாதியியல் படிக்காத எனக்கும் தெரியும். பிறகு ஏன் அப்படிச் செய்தேன்? விசாரணை மண்டபத்தில் இருந்தவர்கள் எனக்கு யாரோ. இங்கே இருந்தது எங்கள் கோயில், எங்கள் வீடு. எதிரில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. மாமியார் பசியோடு இருக்கிறார் என்று அவள் எழுதிக்கொண்டுபோய் வகுப்பில் வாசித்தால், எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அந்த ஒரு விநாடியில் எனக்கு அக்காவின் வயிறு தெரியவில்லை. எங்கள் மானம்தான் தெரிந்தது.

நவம்பரில், முதல் பனி விழுந்த கிழமை, அக்கா காலை பத்து மணிக்கு வீட்டு வெளிப்படிக்கட்டில் தலை சுற்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. சீனி அடியோடு இறங்கியிருந்தது என்றார்கள் ஆஸ்பத்திரியில். மேல்படியில் விழாததால் தப்பினார்.

இரண்டு நாள் கழித்துக் கல்லூரிப் பேராசிரியை தொலைபேசியில் அழைத்தார். கத்ரினின் குறிப்பையும் ஆஸ்பத்திரி சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாராம். அந்த அம்மா உண்மையிலேயே அப்படித்தான் சொன்னாரா?

"அவர் சொன்னதைத்தான் சொன்னேன். நான் பயிற்சி பெற்றவன், மேடம்."

என் ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கத்ரின் மண்டபத்துக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பேன். புகார்களுக்குப் பதில் எழுதுவதில் எனக்கு அனுபவம் உண்டு. அவள் கொப்பியைத் திறந்து காட்டினாள். காலைச் சாப்பாட்டைப் பற்றி எப்படியெல்லாம் கேட்டிருக்கலாம் என்று ஐந்து விதமாக எழுதி வைத்திருந்தாள்.

"நான்தான் தவறாகக் கேட்டிருக்கவேண்டும். இதில் எப்படிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்? உங்களுக்கு அவர்களைத் தெரியும்தானே."

முதலாவதாக எழுதியிருந்தது, அன்று அவள் கேட்ட அதே கேள்வி.

"பயிற்சியைத் திரும்பச் செய்யவேண்டி வரலாம். அப்படியானால் ஒரு வருடம் போய்விடும்" என்றாள். குறை சொல்வதுபோல இல்லை. அக்காவின் கை எப்படி என்றும் கேட்டாள்.

நான் என்ன செய்தேன்? "ஐந்தும் நல்ல கேள்விகள்" என்றேன். காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அதை எழுத இப்போதும் கை கூசுகிறது. முதல் பொய் வாய் தவறி வந்தது என்று வைத்துக்கொண்டாலும், தொலைபேசியில் சொன்னது யோசித்துச் சொன்ன பொய். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்கு நான் இன்னும் பெயர் கண்டுபிடிக்கவில்லை.

செவ்வாய் காலை கல்லூரிக்குப் போனேன். நடந்ததை எழுதி, கையொப்பமிட்டு, மூன்று பிரதிகளாக. பேராசிரியை ஒரு பிரதியை முழுதாக வாசித்தார். கோபப்படவில்லை. கத்ரினின் பயிற்சிக்கு இனிப் பிரச்சினை இல்லை என்றார். நான் எழும்பினேன்.

"அரை மணித்தியாலத்தில் வகுப்பு இருக்கிறது. இதை அவர்களுக்கும் சொல்வீர்களா?"

கடிதம் கொடுப்பதற்கு முறை உண்டு. இதற்கு எந்த முறையும் எனக்குத் தெரியாது. போனேன்.

சொல்லி முடித்ததும் ஒரு மாணவி கையுயர்த்தினாள். "குடும்பத்தின் நல்ல பெயரைக் காப்பாற்ற என்று சொன்னீர்கள். குடும்பம் உங்களிடம் அப்படிக் கேட்டதா?"

"இல்லை."

"அந்த அம்மா கேட்டாரா?"

"இல்லை."

அவ்வளவுதான் அவள் கேட்டது. நன்மை தீமைப் பாடத்தில் இப்படித்தான் கேட்கப் பழக்குகிறார்கள் போலிருக்கிறது. கத்ரின் இரண்டாம் வரிசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். கடைசிவரை நிமிரவில்லை.

வியாழக்கிழமை அவளை என் காரில் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வாசலிலேயே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாவுக்கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் நினைச்சன், இந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரியுமெண்டு. தெரிஞ்சும் ஒண்டும் கேக்கேல்லை எண்டு ஒரு மனக்குறை இருந்தது."

"மன்னியுங்கோ அக்கா. இண்டைக்கு ஒழுங்காய்ச் சொல்லுறன்."

"வேண்டாம் தம்பி. நீங்கள் காரிலை இருங்கோ. நாங்கள் கையாலை காட்டிக் கதைக்கிறம்."

இருக்கிற ஒரு கையாலா என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு காருக்குப் போனேன். ஹீட்டரைப் போட்டுக்கொண்டு முக்கால் மணித்தியாலம் இருந்தேன். கத்ரின் திரும்பி வந்தபோது கொப்பியில் ஒரு மணிக்கூடு, ஒரு ஊசி, ஒரு தட்டு எல்லாம் கீறியிருந்தது. அன்று மாலையே மகனையும் மருமகளையும் வைத்துக் கதைக்கப் பேராசிரியை ஏற்பாடு செய்தார் — மொழிபெயர்ப்புக்கு வேறொருவர். இப்போது ஊசிக்குப் பிறகு அக்கா சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் மருமகள் வேலைக்குப் போகிறாராம்.

இதையெல்லாம் எழுதி வெளியிடலாமா என்று அக்காவிடமும் மகனிடமும் கேட்டேன். வாசித்துக் காட்டினால் சரி என்றார் அக்கா. நேற்று தொலைபேசியில் இதுவரையும் வாசித்தேன்.

"எல்லாம் சரி. ஆனால் மருமகள் கூடாதவ இல்லை, ரெண்டு இடத்திலை வேலை செய்யிறவ, வந்து திரும்பத் துடைக்க அவவுக்கு ஏலாது எண்டும் அண்டைக்குச் சொன்னனான். அதை ஏன் விட்டனீங்கள், தம்பி?"

சொன்னார்தான். குசினி பளிங்கு மாதிரி என்றதற்கு அடுத்த வசனம் அது. நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மேலே நான் எழுதியதைத் திருத்தவில்லை. அப்படியே கிடக்கட்டும்.