வாப்பாவையும் நாற்காலியில் இருத்துங்கள்

அந்த மாமி கண் கிளினிக்குக்கு வந்தபோது மடியில் ஓர் உடுப்புப் பையை வைத்திருந்தார். மருமகள் ரிஃப்காவின் தோளில் குழந்தை கிடந்தது. பைக்குள் இருந்தவை மகன் நவாஸின் சாரமும் சேட்டும். எங்கள் ஊர்களில் கல்யாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டில்தான் போய் இருப்பான். போகும்போது கொண்டுபோவது ஒரு பை. கோபித்துக்கொண்டு திரும்பும்போதும் அதே பை. அந்தப் பையை மாமியே காலையில் மருதமுனையில் உள்ள மருமகளின் வீட்டிலிருந்து எடுத்து வந்துவிட்டார்.

"டொக்டர் செல்றதக் கேட்டுப்போட்டு இவனக் கூட்டிக்கிட்டு நேர சாய்ந்தமருதுக்கு, எங்கட ஊட்டுக்குத்தான் போறன்" என்று காத்திருப்போர் வாங்கில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். ரிஃப்கா குழந்தையின் முகத்தில் வெளிச்சம் படாமல் முந்தானையால் மறைத்தாள்.

நான் அங்கே தொழில்நுட்பவியலாளன். கண்ணை அளப்பதும், படம் எடுப்பதும், டொக்டருக்கு முன்னால் ஆட்களை ஒழுங்காக இருத்துவதும் என் வேலை. ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. அந்த வயதில் குடும்பச் சண்டைகளைக் காலநிலை அறிவித்தல் போலக் கேட்கப் பழகிவிடுவோம்.

குழந்தை பிறந்தபோது ஊரே கண்ணைப் புகழ்ந்ததாம். பெரிய, கன்னங்கரேலென்ற கண். மூன்றாம் மாதம் பார்த்தால் வெளிச்சத்தில் கண் திறக்கவில்லை. திறந்தாலும் கண் ஆடிக்கொண்டே இருந்தது. கண்மணியைச் சுற்றியிருக்கும் நிற வளையத்தைக் கதிராளி என்போம். இந்தப் பிள்ளைக்கு அது ஏறக்குறைய இல்லவே இல்லை. ஊர் புகழ்ந்த கறுப்பு, மூட முடியாத ஜன்னலின் கறுப்பு.

இரத்தம் கொழும்புக்குப் போனது. கதிராளியை உருவாக்கச் சொல்லும் ஜீனில் பிழை எதுவும் இல்லை என்று பதில் வந்தது. டொக்டர் அதைத் தொலைபேசியில் சொல்லி, "இன்னொரு சோதனை இருக்கிறது" என்றும் சொன்னார். மாமி முதல் பாதியோடு தொலைபேசியை வைத்துவிட்டார்.

"ஜீன்ல பிழை இல்லையாம் தம்பி. அப்ப என்ன? இவள் வயித்துப் பிள்ளையோட கிரகணத்தண்டு வெளிய நிண்டவள். இல்லாட்டி இவள்ட குடியில இரிக்கி. எங்கட குடியில இப்பிடிக் கண் இல்ல."

குடி என்ற வம்சம் எங்களிடம் தாய்வழி. பிள்ளை உம்மாவின் குடி. ஆகவே நோயும் அந்த வழியால்தான் வரும் என்பது ஊரின் விஞ்ஞானம். அதற்கு எதிராக நான் பல வருடங்கள் பேசி, தொண்டைதான் கட்டியது.

இருந்தாலும் சொன்னேன். "மாமி, அந்த ஜீன் உடம்புல எல்லா இடத்துலயும் இரிக்கி. விரல்லயும் இரிக்கி, ஈரல்லயும் இரிக்கி. கண்ணுல மட்டும் அத வேலை செய்ய வைக்க ஒரு சுவிச் வேணும். கதிராளிக்கு ஒண்டு, விழித்திரைக்கு வேற ஒண்டு. அந்த சுவிச் ஜீனுக்குப் பக்கத்துல இல்ல, எங்கயோ தள்ளி, வேற ஜீனுக்குள்ள கிடக்கும். மாவடிப்பள்ளியில வயல் காய்ஞ்சி கிடந்தா விதைநெல்லையா பிழை செல்லுவீங்க? குளத்துத் துருசு தொறக்கல்ல, தண்ணி வரல்ல. துருசு கன தூரத்துல."

மாமி யோசித்தார். "அப்ப டொக்டருக்குச் செல்லுங்க, துருசத் தொறக்கச் சொல்லி."

அந்தத் துருசின் சாவி என்னிடம் இல்லை. டொக்டரிடமும் இல்லை. உலகத்திலேயே இன்னும் இல்லை.

நடைமுறைப்படி பெற்றார் இருவரின் கண்ணையும் பார்க்க வேண்டும். எங்கள் கிளினிக்கில் உம்மாவைப் பார்ப்போம். வாப்பா தேத்தண்ணிக் கடையில் நிற்பார். யாரும் தடுத்ததில்லை, யாரும் கூப்பிட்டதும் இல்லை. ரிஃப்காவின் கண்கள் முதல் வருகையிலேயே சுத்தம். நான் வெளியே போய் நவாஸைக் கூப்பிட்டேன்.

"எனக்கென்ன சேர், நான் தூரத்துல வாற தோணியப் பாத்துச் செல்லுவன் யார்ட எண்டு."

"அப்ப பயம் இல்லத்தானே, வாங்க."

அவன் உள்ளே வந்ததும் தாதி மிஸி வழக்கம்போல மருந்துப் போத்தலோடு குனிந்தார். "விடாதீங்க மிஸி" என்றேன். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டால் கதிராளி ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். பார்க்க வந்ததையே மறைத்துவிட்டுப் பார்க்கும் வேலை அது.

சிலிட் லாம்ப் கருவியில் அவன் நாடியையும் நெற்றியையும் பதித்தான். ஒளிக்கீற்றைக் கண்மணிக்குள் செலுத்தினேன். இடது கதிராளியின் கீழ்ப்பக்கத்தில் செம்மை தெரிந்தது. அங்கே திசு மெலிந்திருந்தால்தான் உள்ளிருந்து வெளிச்சம் அப்படிக் கசியும். கண்மணி வட்டமாகவும் இல்லை.

"வெயில் கூசுமா?"

"சின்னதுலயிருந்தே. கடலுக்குக் கறுப்புக் கண்ணாடி இல்லாமப் போமாட்டன். எல்லாருக்கும் அப்பிடித்தானே?"

பார்த்ததைக் குறிப்பில் எழுதி டொக்டரைக் கூப்பிட்டேன். அது டொக்டர் சொல்ல வேண்டியது. அவனுக்கு மட்டும் சொல்ல வேண்டியது. டொக்டர் இருட்டறைக் கதவைச் சாத்தி விளக்கினார். சுவிச் அறுந்தது இவன் வழியாக வந்திருக்கலாம், அடுத்த சோதனைதான் உறுதி செய்யும். ஒரே பிழை இவனுக்கு ஏன் இவ்வளவு லேசாகவும் பிள்ளைக்கு இவ்வளவு கடுமையாகவும் என்று கேட்டான். "முழுக்கத் தெரியாது" என்றார் டொக்டர். நேர்மையான பதில், யாருக்கும் உதவாதது.

வெளியே போய் அவன் ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கலாம். பை தயாராக இருந்தது, முச்சக்கர வண்டியும் நின்றது. அவன் வாங்குக்கு முன்னால் நின்று, "உம்மா, என்ட கண்ணுலயும் இரிக்கி" என்றான்.

மாமி அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அது உன்ட வாப்பாட கண். மௌத்தாப் போன மனிசன், அவரும் வெயில்ல கண் தொறக்கமாட்டார். எங்கட குடியில இல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று கேட்ட குடும்பச் சண்டைகளில் அதுவே ஆறாவது.

ரிஃப்கா அப்போதுதான் பேசினாள். "மாமி, அந்தப் பைக்குள்ள இவர்ட கறுப்புக் கண்ணாடி இரிக்கா? வெளிய சரியான வெயில்."

மாமி பையைத் திறந்து கிளறினார். சாரங்களுக்கு அடியிலிருந்து கண்ணாடி வந்தது. மகனிடம் கொடுத்தார். ரிஃப்கா குழந்தையை மாமியின் மடியில் வைத்துவிட்டு, பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. முச்சக்கர வண்டி மருதமுனைப் பக்கம் திரும்பியதை வாசலில் நின்று பார்த்தேன்.

அடுத்த சோதனையில் வாப்பாவுக்கும் பிள்ளைக்கும் அந்தச் சுவிச் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே துண்டு காணாமல் போயிருந்தது. துருசு திறக்கவில்லை. பிள்ளைக்கு நிறக் கண்ணாடி கொடுத்தோம். கண் அமுக்கத்தை ஒழுங்காக அளந்து வருகிறார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். குழந்தையின் கண் பிழை என்றால் தேத்தண்ணிக் கடைக்கு ஆள் அனுப்புங்கள். வாப்பா வந்து இருக்கட்டும். மருந்து அதற்குப் பிறகு.