ஒரு பொட்டுக் கலர் இல்லாமல்

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். பட்டப்பகலில், என் கடையில், என் கண்ணால் பார்த்தது இது.

பிரிண்ட் கடை வைப்பதற்கு முன் எட்டு வருடம் லாரியில் மூட்டை இறக்கியவன் நான். அப்போது என்னோடு தோள் கொடுத்த அண்ணன்தான் அன்று மதியம் வந்தார். மகள் செத்து இருபது நாள். கையைக் கோத்துக்கொண்டு அவள் நிற்கும் படம் போனில் இருந்தது. அவளே கறுப்பு வெள்ளையாக மாற்றி வைத்திருந்தாள். அவள் என்ன வேலைக்குப் போனாள் என்றுகூட எனக்குத் தெரியாது.

எப்போதும் “உன் மெஷின் என்னைவிட அதிகமா குடிக்குதேடா” என்று வம்பிழுப்பவர், அன்று ஒன்றுதான் சொன்னார்.

“ஒரு பொட்டுக் கலர் இருக்கக்கூடாது தம்பி. பாப்பா ஆசைப்பட்டது.”

மூன்று மணிக்கு வாங்க என்று அவரை அனுப்பிவைத்தேன். கறுப்பு மை தீர்ந்திருந்ததைச் சொல்லவில்லை. நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றையும் அளவாகக் கலந்தால் சாம்பல் நிறம் வந்துவிடும். யாருக்கும் தெரியாது.

மணி 2.10. முதல் பிரிண்ட். முகம், சுவர், உடுப்பு எல்லாம் சுத்தமான சாம்பல். விரல் நுனிகள் மட்டும் நீலம்...

மெஷினில் மை தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்தேன். சோதனைக் கோடுகள் சரியாகவே வந்தன. 2.25. மணிக்கட்டு வரை நீலம்.

2.40. முழங்கை வரை.

மூன்றையும் குப்பைக்கூடையில் வீசினேன். ஓடிப்போய்க் கறுப்பு மை வாங்கிவந்து மாட்டினேன். கலரை முழுதாக நிறுத்தினேன்.

3.05. சர்ர்... சர்ர்... சர்ர்...

கை வரும் இடத்தில் சத்தம் நின்றது. ஹெட் மட்டும் ஓடியது.

இரண்டு கையும் வெறும் வெள்ளைத் தாள்.

பிளீச்சிங் பவுடர் நெடி...

நிமிர்ந்தேன். அண்ணன் நின்றிருந்தார். மறைப்பதற்குள் படத்தை வாங்கிவிட்டார். அந்த வெள்ளைக் கைகளைத் தடவினார்.

“கடைசியா இப்படித்தான் இருந்துச்சு.”

பிறகுதான் சொன்னார். அவள் சாயப்பட்டறையில் இரண்டு வருடம் வேலை பார்த்தாளாம். முழங்கை வரை நீலம். எந்தச் சோப்புக்கும் போகவில்லை. மறுநாள் பெண் பார்க்க வருகிறார்கள் என்று, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பிளீச்சிங் பவுடரில் ஆசிட்டை ஊற்றிக் கையை ஊறவைத்திருக்கிறாள். புகை மூச்சை அடைத்துவிட்டது.

“கை வெளுத்துருச்சு தம்பி... அவ பார்க்கத்தான் இல்ல.”

அவர் போனதும் குப்பைக்கூடையைப் பார்த்தேன்.

மூன்று படங்களிலும் கை வெள்ளை.

கூடையின் அடியில் நீலத் தண்ணீர் தேங்கி நின்றது.