குழித்துறையில் ஒரு புகைபோக்கி வீடு

வீட்டு பிளான் வரைகிறவனுக்குக் கூலி கொடுப்பது ஒருத்தர், குறை சொல்வது ஊர் முழுக்க. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போட்டோவில் வந்த வீடு

எங்கள் ஊர் மணி அண்ணன் இங்கிலாந்தில் ஒரு பழைய பிரபு மாளிகையில் பராமரிப்பு வேலை பார்க்கிறார். லீவில் வந்தவர் அதன் போட்டோவை நீட்டி, குழித்துறையில் பத்து சென்ட்டில் அப்படியே கட்டணும் என்றார். நடுவில் வாசல், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஜன்னல் வரிசை, செங்குத்துக் கூரை, மேலே புகைபோக்கி. ஒழுகுகிற ஓட்டு வீட்டில் தனியாகக் கிடக்கும் அம்மாவை அதில் குடிவைக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு ஆசை. அம்மாவிடம் போட்டோவைக் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்ம கோர்ட்டு மாதிரியில்லா இருக்கு. இதுல யாரு மக்கா கெடந்து உறங்குவா?"

திறக்காத ஜன்னல்

அந்த மாளிகைகளில் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகவே சில ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருப்பார்கள். வெளியே ஜன்னல், உள்ளே சுவர். நானும் அப்படி ஒன்று வரைந்தேன். வந்தது வினை. நம் ஊரில் வாசலும் ஜன்னலும் எண்ணினால் ரெட்டைப்படையில் வரணும். சுவர் எழும்பியதும் ஜன்னல் வைக்க வந்த ஆசாரி வெளியே நின்று எண்ணினால் ரெட்டை, உள்ளே நின்று எண்ணினால் ஒற்றை. அம்மா காதில் விழுந்தால் படி மிதிக்கமாட்டார். மூன்று தடவை சுற்றிவந்த ஆசாரி, அளக்கிற முழக்கோலை என் கையில் தந்துவிட்டுக் கேட்டார்: "சாரே, இது வீட்டுக்க ஜன்னலா, உமக்க பிளானுக்க ஜன்னலா? அதச் சொல்லும், பொறவு எண்ணுகேன்."

பால்காய்ச்சு

உள்ளே எண்ணுவதே சரி என்று முடிவாகி, அடுக்களைக்கு ஒரு ஜன்னல் கூடியது. புதுவீட்டில் பால்காய்ச்சும் நாளும் வந்தது. ஹாலில் குளிர்காய்கிற அடுப்பு ஒன்று உண்டு. பால் அதில்தான் காய்ச்சணும் என்று மணி அண்ணனுக்குப் பிடிவாதம். அம்மா வந்தார், ஆனால் தங்க வருகிறவர் மாதிரி பாய் படுக்கை எதையும் எடுத்து வரவில்லை.

பால் பொங்குமுன் புகை பொங்கிவிட்டது. சொந்தபந்தம் எல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓட்டம். கொத்தனார் செல்லையனைப் பிடித்து உலுக்கினேன். "மழை உள்ள எறங்கும்லா சாரே, அதான் பொகபோக்கிக்கு மேல காங்கிரீட்டு சிலாப்பு போட்டு அடச்சேன்" என்றார், பெரிய உபகாரம் செய்தவர் மாதிரி. அடப்பாவி! மணி அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இனி அம்மா இங்கே எங்கே குடிவரப்போகிறார்?

உள்ளே போனால், அம்மா மட்டும் அடுப்பு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். விறகைத் தள்ளி ஊதிக்கொண்டே சொன்னார்: "இப்பந்தான் மக்கா, வீடுன்னு ஒரு மணம் வருது. எனக்க பாயை எடுத்துட்டு வரச் சொல்லு."

பிளானில் இல்லாத அந்த ஒரு சிலாப்புதான் வீட்டுக்கு ஆள் சேர்த்தது என்பதால், அதை உடைக்கச் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.